தியோஃபில் நடை

மாதா கோயில் ஆர்கன்காரர் வீட்டில் அந்தக் குளிர்காலம் முழுக்க யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அடுப்பில் கரி போடும்போதுகூட அவர் மனைவி லுத்விகா அத்தை கரண்டி இரும்பில் படாமல் பார்த்துக்கொள்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியாரின் வீடு. சுவர், யுத்தத்துக்கு முன்னால் இந்த ஊர் ஜெர்மன்காரனிடம் இருந்தபோது கட்டியது, உள்ளே துப்பாக்கி வெடித்தாலும் வெளியே கேட்காது. பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

எனக்கு விஷயம் தெரிந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் அப்பம் சுடுவது ஆர்கன்காரர் வீட்டு வேலை. மாவைத் தண்ணீராகக் கரைத்து, நீளப் பிடி வைத்த இரும்பு இடுக்கியில் ஊற்றி, அடுப்பு வாயில் வைத்து அழுத்தினால் காகிதம் மாதிரி மெல்லிசாக வரும். மாட்டுத்தொழுவமும் நட்சத்திரமும் அதில் பதிந்திருக்கும். ஓரம் நறுக்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, அத்தை வீடு வீடாகக் கொண்டுபோவாள். வீட்டுக்காரர்கள் முட்டையோ பட்டாணியோ பன்றிக்கொழுப்பில் ஒரு துண்டோ கொடுப்பார்கள். வருஷாவருஷம் ஓரம் நறுக்க என் அம்மா போவாள். அந்த வருஷம் லினன் மில்லில் நின்று நின்று அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மாவட்டத் தலைநகரில் டீச்சர் வேலை பார்க்கும் நான் சனிக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். "நீ போடி, படிச்ச கை கத்தரிக்கோல் பிடிக்காதா" என்று அனுப்பினாள்.

தட்டாமல் நுழைந்துவிட்டேன். உள்ளே தீய்ந்த வாடை. ஆர்கன்காரர் தியோஃபில் மாமா இடுக்கியை இடது கையில் மட்டும் பிடித்திருந்தார். அது ஆட, மாவு வழிந்து அடுப்பில் புகைந்தது. அவருடைய வலது கை மேஜைமேல் கிடந்தது. யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரி.

"கதவைச் சாத்துடி," என்றாள் அத்தை.

"மாமா கைக்கு என்ன ஆச்சு?"

"எந்தக் கைக்கு?"

"மேஜை மேல கிடக்கே, அந்தக் கைக்கு."

மாமா சிரித்தார். "படிச்ச பிள்ளை. கண்ணு கூர்மை."

கல்லறைத் திருநாளன்று பனிமழையில் நின்று கல்லறை கல்லறையாகப் பாடிவிட்டு வந்தவருக்கு, அன்று சாயங்காலம் சூப் கரண்டி கையிலிருந்து விழுந்ததாம். எடுக்கப் போனால் கை வரவில்லை. வாய் கோணவில்லை, கால் இழுக்கவில்லை, குரல் போகவில்லை. கை மட்டும் போய்விட்டது. டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரியும். போகவில்லை.

"அப்ப இத்தனை நாளா கோயில்ல யாரு வாசிக்கிறது?"

அத்தை தன் இரண்டு கையையும் ஏப்ரனுக்கு அடியில் செருகிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அத்தை! நீங்களா?"

"கத்தாதேடி."

"போன ஞாயிறு நானும் கீழ உட்கார்ந்திருந்தேனே. எனக்குத் தெரியலையே!"

"தெரியாம இருக்கறதுதான்டி வேலையே," என்றாள்.

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன. "ஒதிலியா, உங்கம்மாகிட்டகூட நீ சொன்னதாத் தெரிஞ்சா உன் கழுத்தை நெரிச்சிருவேன்." அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை.

அந்த வீடு பங்குக்குச் சொந்தம். வாசிக்கிறவரைக்கும்தான் ஆர்கன்காரர் அதில் இருக்கலாம். வின்சென்டி சாமியாரின் அக்கா மகன் கிராட்சியான் ஆர்கன் பள்ளியை முடித்துவிட்டு, மாமன் வீட்டில் தங்கி வேளாவேளைக்குச் சூப் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. கட்டிக்கப் போகிறவள் ஒருநாள் அப்பம் கேட்டு வந்தவள், ஜன்னல்களை அண்ணாந்து பார்த்து "திரைச்சீலை தொங்கவிட நல்ல உயரம்" என்றாளாம். அன்றிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவும் அத்தையும் யுத்தம் முடிந்து கிழக்கேயிருந்து மாட்டு வண்டியிலும் சரக்கு ரயிலிலும் வந்து இறங்கியவர்கள். அவர்கள் பிறந்த ஊர் இப்போது ரஷ்யாவுக்குள் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. இந்த வீடு போனால் போக ஒரு சுவர் இல்லை.

"நேரா சாமியார்கிட்டப் போங்க அத்தை. கை அவருக்குப் போச்சு, நான் வாசிக்கிறேன், வீட்டை எங்களுக்கே விட்டுடுங்கன்னு கேளுங்க."

"ஒரு கன்னியாஸ்திரி கேட்டாளாம், வாசிக்கட்டுமான்னு. பொம்பளை காலை அகட்டிக்கிட்டு ஆர்கனுக்கு அடியில மிதிச்சு வாசிக்கிற அந்தக் கட்டைங்க மேல ஓடுறதைக் கோயில்ல வெச்சு நான் பார்க்க மாட்டேன்னு சொன்ன ஆளுடி அவர்."

"பார்க்க வேணாம்னு சொல்லுங்க. கேக்கட்டும்."

"வாய் இருக்கு உனக்கு," என்றார் மாமா. "அரசாங்க வேலை இருக்கு, அறை இருக்கு. பேசலாம்."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான் என்பதால் இன்னும் கோபம் வந்தது.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். ஆர்கன் மாடம் கோயிலின் பின்வாசலுக்கு மேலே இருக்கிறது. கீழே இருப்பவர்கள் பீடத்தைப் பார்த்து நிற்பார்கள், மாடம் அவர்கள் முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை. பார்த்தாலும் குழாய்களும் கைப்பிடிச் சுவரும்தான் தெரியும். விசைப்பலகைக்கு மேலே ஒரு கண்ணாடி. அதில் சாமியார் எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார் என்று ஆர்கன்காரர் பார்த்துக்கொள்வார். எங்கள் பக்கத்தில் ஆர்கன்காரர்தான் பாடவும் வேண்டும். மாமா பாடினார், அத்தை வாசித்தாள். ஆம்பிளைக் குரல் மேலேயிருந்து வரும்போது அந்தக் குரலுக்குக் கீழே யார் கை என்று எவன் யோசிப்பான்?

பாட்டில் சிக்கல் இல்லை. பாட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பாட்டு ஆர்கன்காரரின் பாதி வேலை. மீதிப் பாதி எதிலும் எழுதியிருக்காது. சாமியார் பீடத்துக்கு நடந்து வரும் நேரம், சாம்பிராணி போடும் நேரம், ஊரே வரிசையில் நின்று சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும் நேரம். இதையெல்லாம் அந்த நிமிஷத்தில் கையிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். சாமியார் திரும்பினால் முடித்தாக வேண்டும். வெட்டிய மாதிரி இருக்கக் கூடாது. பேச்சு தானாக ஓய்ந்த மாதிரி இருக்க வேண்டும்.

இந்த நிரப்பலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நடை. மாமாவுடையதை ஊர் தூக்கத்திலும் சொல்லும். வலது கை படியேறும், மூச்சு வாங்க நிற்கும், மறுபடி ஏறும். இடது கை ஒரே இடத்தை இடித்துக்கொண்டிருக்கும், வண்டிச் சக்கரம் கல்லில் மோதுகிற மாதிரி. முடிவுக்கு முன்னால் ஒரு திருப்பம், எப்போதும் அதே திருப்பம். அது வந்ததும் ஜனங்கள் கோட்டுப் பொத்தானை மாட்ட ஆரம்பிப்பார்கள். "தியோஃபில் திரும்பிட்டாருடா, தொப்பியை எடு" என்று கல்குவாரி ஆட்கள் ஒருத்தனை ஒருத்தன் இடிப்பார்கள்.

அத்தை அதை அப்படியே வாசித்தாள். நிற்கிற இடத்தில் நின்று, இடிக்கிற இடத்தில் இடித்து. அவளுடைய அப்பாவும் ஆர்கன்காரர்தான். மகன் இல்லாததால் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு மகளை ஒரு ஆர்கன்காரனுக்குக் கட்டிக்கொடுத்து, சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று நிம்மதியாகச் செத்தார். அதன்பிறகு அவள் தொட்டது வீட்டு மூலையில் இருந்த ஹார்மோனியத்தைத்தான், அதுவும் மாமா வெளியே போயிருக்கும்போது.

கிறிஸ்துமஸ் தாண்டிவிட்டது. புத்தாண்டன்று வடக்கேயிருந்து பனி வந்தது. வந்தது என்றால், ஒரு ராத்திரியில் கதவுகள் மறைந்துவிட்டன. ரயில் நின்றது. கரி உறைந்து வேகனோடு ஒட்டிக்கொண்டதால் ஆலை நின்றது, குவாரி நின்றது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டதால் நானும் ஊரிலேயே தங்கிவிட்டேன். மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்பது தலைநகர் வார்சாவில் இருப்பவனுக்குத்தான் வெளிச்சம். ஆர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டாரும் நின்றது. அது நின்றால் பழைய துருத்தியைக் காலால் மிதிக்க வேண்டும். வழக்கமாக மிதிப்பவர் கோயில்பிள்ளை வாலென்டி. குடித்தால் அவருக்கு வாய், குடிக்காவிட்டால் காது. அவரை மாடத்தில் ஏற்ற முடியாது.

"உன் கால் நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அத்தை.

"சாமியே இல்லைங்கற அரசாங்கத்தோட டீச்சர் கோயில்ல துருத்தி மிதிக்கிறான்னு எங்க ஹெட்மாஸ்டருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும்," என்றாள். "அதனாலதான் நீ வெளிய சொல்ல மாட்டே."

பயந்தவர்களுக்கு எவ்வளவு நன்றாகக் கணக்குப் போட வருகிறது!

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு, சாமியார்களுக்கெல்லாம் தலைவரான மறைமாவட்ட ஆயர் வருவதாக இருந்தது. இந்தப் பனியில் வர மாட்டார் என்று நினைத்தோம். ராணுவத்தின் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே வந்து இறங்கிவிட்டார். வயசானவர், கைத்தடி ஊன்றி நடப்பவர். வேலை இல்லாததால் கோயில் நிரம்பி வழிந்தது. ஈரக் கம்பளியும் மெழுகும் சாம்பிராணியும் கலந்த வாடை மாடம் வரைக்கும் ஏறியது.

துருத்தி ஆர்கன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தடிமனான மரக்கட்டைமேல் ஏறி, உடம்பு கனத்தையெல்லாம் கொடுத்தால் கட்டை இறங்கும், இன்னொரு கட்டை மேலே வரும். அதில் கால் மாற்ற வேண்டும். உதறி மிதித்தால் மேலே சத்தம் நடுங்கும். ஒரே சீராக, மாவு பிசைகிற மாதிரி மிதிக்க வேண்டும். அங்கேயிருந்து எனக்கு இரண்டு முதுகுகள் தெரிந்தன. பெஞ்சின் நடுவில் அத்தை. ஓரத்தில் மாமா, வலது கையில் கம்பளி உறை. இடது கையால் குமிழ்களை இழுத்துக் குழாய்களைத் திறப்பதும், தள்ளி மூடுவதும் அவர் வேலை. குமிழ்களின் ஜெர்மன் எழுத்தை யாரும் படிப்பதில்லை. அடித்தொண்டையில் உறுமுவது 'கரடி', நடுங்குவது 'ஆடு', மெலிதாக ஊதுவது 'புறா'.

பூசை ஒழுங்காகப் போனது. கடைசியில் சாக்குக்கட்டி மந்திரிக்க வேண்டும். அன்று மந்திரித்த சாக்குக்கட்டியால்தான் வீட்டுக்கதவில் மூன்று ராஜாக்களின் பெயர் முதலெழுத்துகளைப் போடுவோம். வின்சென்டி சாமியார் என்றால் பீடத்தில் நின்றே தீர்த்தத்தை ஒரு வீசு வீசி முடித்துவிடுவார். ஆயர் கீழே இறங்கினார். வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு பிள்ளையின் கையிலிருந்த சாக்குக்கட்டியையும் தனித்தனியாக மந்திரித்தார். பேர் கேட்டார், கன்னத்தைத் தட்டினார், பாட்டிகளின் மூட்டுவலியை விசாரித்தார். அவர் பேசும்போது மாமா பாட முடியாது. மெதுவாக ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அத்தை தியோஃபில் நடையை எடுத்தாள். ஏறினாள், நின்றாள், இடித்தாள். ஆயர் இரண்டாவது வரிசைக்குக்கூட வரவில்லை. மறுபடி ஏறினாள். மாமாவின் நடையில் சரக்கு கொஞ்சம்தான். நன்மை வாங்கி முடிக்கிற வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் அவரே எங்கேயும் போனதில்லை. திருப்பம் வந்துவிட்டது. கீழே பொத்தான்கள் மாட்டும் அசைவு தெரிந்தது. ஆயர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திருப்பத்துக்கு அப்புறம் என்ன?

அத்தையின் தோள் இறுகியது. அவள் நிறுத்தவில்லை. பிள்ளைகள் அன்றைக்குப் பாடிய பாட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து மேலே தனியாக விட்டாள். அது என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழேயிருந்து காலால் அதே துண்டை மெதுவாகக் கொடுத்தாள், ஒருத்தி கேட்டதற்கு இன்னொருத்தி பதில் சொல்கிற மாதிரி. நடுவில் இடது கை நுழைந்து இரண்டையும் கலைத்தது. எனக்கு இசை தெரியாது. என் காலுக்குத் தெரிந்தது. காற்று போகிற விதமே மாறிவிட்டது. இதுவரைக்கும் விழுங்கி விழுங்கிக் குடித்த மிருகம் இப்போது நீளமாக, நிற்காமல் இழுத்தது. நான் ஓடி ஓடி மிதித்தேன்.

"லுத்கா," என்றார் மாமா, அத்தையின் செல்லப் பேரைச் சொல்லி. "போதும்."

அவள் காதில் விழவில்லை.

"லுத்கா. இது நான் இல்லைன்னு தெரிஞ்சிடும். நிறுத்து."

கைப்பிடிச் சுவரின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். முதலில் குவாரி ஆள் ஒருத்தன் திரும்பினான். பிறகு அவன் பெண்டாட்டி. எங்கள் ஊர் ஜனங்கள் பீடத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதை அன்றுதான் பார்த்தேன். முகம் முகமாக மேலே நிமிர்ந்தன.

மாமா கரடியைத் தள்ளினார். உறுமல் போயிற்று. ஆட்டைத் தள்ளினார். அவள் நிறுத்தாததால் ஒவ்வொன்றாக, வீட்டுக்குத் தீ வைத்தவன் ஜன்னல் ஜன்னலாகச் சாத்துகிற மாதிரி, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே வந்தார். அவள் இருப்பதை வைத்துக்கொண்டு போனாள். கடைசியில் புறா மட்டும் மிச்சம். அந்த மெல்லிய ஊதலில் அந்தச் சின்னத் துண்டு ஒரு தடவை வந்து, பாதியில், கேள்வி மாதிரி நின்றுவிட்டது. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஆயர் திரும்பினார்.

அத்தை கையை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

பூசை முடிந்து கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். "எழுந்திரு, எழுந்திரு," என்றார் மாமா. அத்தை பெஞ்சிலிருந்து விழாத குறையாக இறங்கி, மாமா குளிர்காயக் கொண்டுவந்தவள் மாதிரி கணப்புச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மாமா நடுவுக்கு நகர்ந்தார். செத்த கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்தார். வின்சென்டி சாமியார் மூச்சிரைக்க நுழைந்தார்.

"ஆர்கன்காரரே," என்றார். "ஆயர் அழுதுட்டார்."

"சாமி..."

"இத்தனை வருஷமா எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க இதை?"

நான் துருத்திக் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன். சாமியாரின் பார்வை கையுறையில் விழுந்தது.

"கை என்னாச்சு?"

"குளிருக்கு மரத்துப்போகுது சாமி."

"மரத்த கையிலேயே இப்படின்னா!" என்றார். சிரிக்கவில்லை. மருமகன் கிராட்சியானை நினைத்திருப்பார். "மறைமாவட்ட இசைப் பொறுப்பாளர் அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களைக் கேக்க வர்றார். ஆயர் உத்தரவு. பிடிச்சுப்போனா பேராலயத்துல வாசிக்கக் கூப்பிடுவாங்க. அங்க ஆர்கன் ஜனங்களுக்கு நடுவுல கீழயே இருக்கு, தெரியுமில்ல? எல்லாரும் உங்க கையைப் பார்க்கலாம்."

"என் பாக்கியம் சாமி," என்றார் மாமா.

அத்தை கையிலிருந்த சட்டியில் கரித்துண்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுத்தன.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மாமா வெடித்தார், அதுவும் கிசுகிசுப்பாகவே. "யாருடி உன்னை அதை வாசிக்கச் சொன்னா?"

"உங்களுது தீர்ந்துபோச்சுங்க."

"தீர்ந்தா மறுபடி முதல்லேர்ந்து எடு! நான் அப்படித்தானே செய்வேன்? யாராவது கேட்டானா?"

"கை தானா அந்தப் பக்கம் போயிடுச்சு."

"எங்கேர்ந்து கத்துக்கிட்ட?"

"உங்ககிட்டேர்ந்துதான்."

"என்கிட்ட அது இல்லடி," என்றார் மாமா. சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் பாதி மன்னித்தேன். மீதிப் பாதியை இன்னும் வைத்திருக்கிறேன்.

"சொல்லிடலாம் அத்தை," என்றேன். "ஆயரே அழுதிருக்கார். உங்க வாசிப்புக்கு. அவர்கிட்டயே எழுதிப் போடலாம். நான் எழுதறேன்."

"என்னன்னு எழுதுவே? ரெண்டு மாசமா பங்கை ஏமாத்தினோம்னா?"

"வாசிச்சது பாவமா?"

"அவர் அழுதது ஒரு ஆம்பிளை வாசிச்சான்னு நினைச்சு. பொம்பளைன்னு தெரிஞ்சா, அழுததுக்கு வெட்கப்படுவார். வெட்கப்பட்ட ஆயர் என்ன பண்ணுவார் தெரியுமாடி உனக்கு? புத்தகத்துல இருக்கா?"

அத்தை பானையிலிருந்து புளித்த மாவு சூப்பை ஊற்றினாள், உருளைக்கிழங்கை நசுக்கிப் போட்டாள். மாமாவுக்கு இடது கைப்பக்கம் கரண்டியை வைத்தாள். பிறகு, நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்கிற குரலில் சொன்னாள்:

"மோசமா வாசிச்சுட வேண்டியதுதான்."

"ரொம்ப மோசமா வாசிச்சா கிராட்சியான் வந்துருவான்," என்றார் மாமா.

"ரொம்ப மோசமா வேணாம். உங்க அளவு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அந்த வாரம் முழுக்கச் சமையலறை மேஜைதான் ஆர்கன். ஹார்மோனியத்தைத் தொட்டால் சத்தம் கேட்கும் என்று, அத்தை மேஜை விளிம்பில் விரலால் வாசித்தாள். மாமா வாயால் பாடிக்காட்டினார். நான் பட்டாணி பொறுக்கிக்கொண்டு பார்த்திருந்தேன். வெளியே ஆட்கள் பனியை வெட்டி வழி போடும் சத்தம் ஓயவே இல்லை.

"இங்க நிக்கணும் நீ."

"நின்னுட்டேனே."

"இல்ல. நீ யோசிச்சு நிக்கறே. நான் யோசிக்க மாட்டேன். அடுத்தது வராததால நிப்பேன்."

"இப்படியா?"

"ஆமா... இடது கை இன்னும் கனமா. இன்னும். பத்தாது."

"இதுக்கு மேல இடிச்சா கரடிக் குழாய் பிடுங்கிக்கிட்டு வந்துரும்."

"நான் அவ்வளவு மோசமாவா இடிப்பேன்?"

அத்தை கையை நிறுத்தினாள். "நீங்க கேட்டதில்லையா?"

"வாசிக்கிறவனுக்கு எங்கடி கேக்கும்?" என்றார் மாமா. எழுந்துபோய் ஜன்னலில் உறைந்திருந்த பனியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார். அத்தை அவர் முதுகையே பார்த்தாள். பிறகு குனிந்து மறுபடி ஆரம்பித்தாள். ஏறி, நின்று, ஏறி, இடித்து. வெள்ளிக்கிழமைக்குள் அவள் ரொட்டி பிசையும்போதும் அந்த நடையிலேயே பிசைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொறுப்பாளர் வந்தார். ஒல்லியான ஆள், ரோமத் தொப்பி. மாடத்துக்கு ஏறி வருவாரோ என்று எங்களுக்கு உயிரே இல்லை. படிக்கட்டின் அடிவாசலில் அவர் குரல் கேட்டது. "வேணாம் சாமி, ஆர்கனைக் கீழேயிருந்துதான் கேக்கணும்." மாமா சிலுவை போட்டுக்கொண்டார்.

மின்சாரம் அன்றும் இல்லை. நான் மிதித்தேன். சத்தம் உதறிவிடக் கூடாதே என்று ஒரே சீராக மிதித்தேன். மாமா பாடினார். நன்மை நேரம் வந்தது. அத்தை ஆரம்பித்தாள்.

மோசமாக வாசிப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். அவள் முதுகைப் பார்த்திருக்க வேண்டும். வியர்த்து, சட்டை ஒட்டிக்கொண்டது, அந்தக் குளிரில். கை வேறு எங்கேயோ போகத் துடித்த ஒவ்வொரு இடத்திலும் அதைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து கல்லில் மோதினாள். தன் பிழை ஒன்றுகூட விடவில்லை. மாமா விடுகிற எல்லாப் பிழைகளையும் விட்டாள். மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், கன்னம் துடித்தது. தன்னை முதல்முதலாகக் கேட்கிறார்.

திருப்பம் வந்தது. பொத்தான்கள் மாட்டப்பட்டன. பாதியிலேயே ரோமத் தொப்பி எழுந்து, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போவதை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

பூசை முடிந்து மாமா கீழே இறங்கியதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் பேசியது மாடம் வரைக்கும் கேட்டது.

"என்ன தியோஃபில், அன்னிக்கு உங்க மேல ஏதோ இறங்கிச்சு போல. இன்னிக்குப் பழையபடி வண்டி கல்லுல ஏறுது!"

"ஆயர் எதிர்ல யாரும் நல்லாத்தான் வாசிப்பாங்க."

"பொறுப்பாளர் என்னய்யா சொன்னார்?" இது மாமா.

"கிராமத்துக்கு இது போதும்னார்," என்றது வின்சென்டி சாமியாரின் குரல். "விடுங்க. நமக்கு நீங்க போதும்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். ரெண்டு மாசத்தில் அந்த வீட்டு ஆள் ஒருத்தர் அப்படிச் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். வாலென்டி யாரையோ குடிக்கக் கூப்பிட்டார், கூட்டம் நகர்ந்தது. வீடு தப்பித்தது.

மேலே நாங்கள் இரண்டு பேர் மட்டும். அத்தை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் வைத்து, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீழே இறங்கிப்போய்ப் பெரிய கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தேன்.

"யாரும் இல்ல அத்தை. பனியில வெளிய ஒண்ணும் கேக்காது. அன்னிக்கு வாசிச்சீங்களே, அதை வாசிங்க. நான் மிதிக்கிறேன்."

"வேணாம்டி."

"எனக்காக. ஒரு தடவை."

அவள் மடியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு புறாவை இழுத்தாள். நான் கட்டையில் ஏறினேன், காற்று நிறைந்தது. அந்தப் பிள்ளைகள் பாட்டின் துண்டைத்தான் எடுத்தாள், எனக்கு அடையாளம் தெரிந்தது. அது மேலே ஏறியது. மூச்சு வாங்க நின்றது. மறுபடி ஏறியது. கீழே இடது கை இடிக்க ஆரம்பித்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, அதான் போயிட்டாரே அந்தாளு. விளையாடாதீங்க அத்தை."

அவள் கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஏறியது, நின்றது, இடித்தது. எடுத்தாள். வேறு இடத்தில் வைத்தாள், அங்கேயும் அதே மாமா நடைதான் வந்தது. என் காலுக்குக் கீழே காற்று விழுங்கி விழுங்கிப் போனது.

"நான் விளையாடலடி," என்றாள்.

நான் மிதிப்பதை நிறுத்தவில்லை.